தொந்தரவு தராத நோயாளி: வாய்ப் புற்றுநோய் வார்டில் கவனிக்கப்படாத மனச்சோர்வு (நிகழ்வு ஆய்வு)

"14-ஆம் பெட், மாஸ்டர். ஒரு தொந்தரவும் இல்லை." டூட்டி மாறும்போது எட்டு நாட்களாக நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வரி இது. நானே மூன்று முறை சொல்லியிருக்கிறேன். அந்த எட்டு நாட்களில் அவருடைய மூக்கு டியூப் இரண்டு முறை வெளியே வந்திருந்தது. இரண்டு நாள் கதிர்வீச்சுக்குப் போக மறுத்துப் படுத்திருந்தார். எடை இறங்கிக்கொண்டே இருந்தது. மூன்றும் சார்ட்டில் பதிவாகியிருக்கின்றன, ஆனால் மூன்று வேறு வேறு பக்கங்களில். சேர்த்துப் படித்தவர் யாருமில்லை.

புற்றுநோய் வார்டில் செவிலியராக வேலை பார்க்கும் நான், அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் படிப்பதற்காகவே இதை எழுதுகிறேன். எழுதுவதற்கு அவரும் அவர் மனைவியும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வார்டில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

நோயாளியும் நோயும்

மாஸ்டருக்கு 51 வயது. தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். படிப்பு எட்டாம் வகுப்பு. கல்யாணச் சமையலில் 30 வருடத்துக்கு மேல் அனுபவம். மனைவி, இரண்டு மகள்கள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். முகூர்த்தக் காலத்தில் ராத்திரி முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டிய தொழில். தூக்கம் வராமல் இருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் 20 வயதிலேயே ஒட்டிக்கொண்டது. எப்போதும் வலது கன்னம். புண் வந்ததும் அங்கேயேதான். மருந்துக்கடை ஜெல்லிலும் பல்வலி மாத்திரையிலும் ஐந்து மாதம் ஓடிவிட்டது. பயாப்ஸி முடிவு வந்தபோது நோய் கீழ்த்தாடை எலும்பை எட்டியிருந்தது.

அறுவை சிகிச்சையில் கன்னத்தின் உட்பகுதியையும் தாடையின் ஒரு பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் அகற்றினார்கள். மார்புத் தசையைத் தோலோடு மேலே கொண்டுவந்து கன்னத்தில் வைத்துத் தைத்தார்கள். ஒரு நெறிக்கட்டியில் நோய் அதன் உறையைத் தாண்டியிருந்ததால், கதிர்வீச்சோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேர்த்துக் கொடுக்க முடிவானது. மொத்தம் 33 சிட்டிங், 66 கிரே (கதிர்வீச்சு அளவு). கதிர்வீச்சை எங்கள் பக்கத்து நோயாளிகள் "கரண்ட் வைக்கிறது" என்றுதான் சொல்வார்கள். 15-ஆவது சிட்டிங் முடிந்தபோது வாய் முழுக்கப் புண்ணாகித் தண்ணீர்கூட இறங்கவில்லை. 64 கிலோவாக இருந்தவர் 57 கிலோ ஆகிவிட்டார். டிரிப் போடவும் மூக்கு வழியாக டியூப் வைத்து உணவு கொடுக்கவும் வார்டில் சேர்த்தோம்.

பேசினால் வார்த்தை குழறியது, வலித்தது. அதனால் மனைவி 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார்.

எட்டு நாட்கள்

ஊசிக்குக் கையை நீட்டினால் கொடுப்பார். வாய் கழுவச் சொன்னால் கழுவுவார். கோபமில்லை, அழுகையில்லை, பெல் அடித்து யாரையும் கூப்பிட்டதுமில்லை. 30 படுக்கை உள்ள வார்டில் ராத்திரி இரண்டு பேராக ஓடுகிறவர்களுக்கு இப்படி ஒருவர் இருந்தால் நிம்மதிதான். "நல்ல பேஷண்ட்" என்று பேர் வைத்துவிட்டோம். பகல் முழுக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டோம்.

டியூப் முதல் முறை வந்தபோது "தூக்கத்தில் தவறி வந்தது" என்று நான்தான் எழுதினேன். இரண்டாம் முறை இன்னொரு சிஸ்டர் அதே வார்த்தைகளை எழுதினார். அவரிடம் நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் எனக்கு நைட் டூட்டி. பத்து மணி போல மாடிப்படிப் பக்கம் போனபோது அவர் மனைவி படியில் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடியில் தயிர்சாதம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடியை முந்தானையால் மறைத்தார். "ஏன்க்கா இங்க வந்து சாப்பிடுறீங்க?" என்றேன்.

"அவுக முன்னாடி எப்படி சிஸ்டர் திங்க? வாசன வந்தாலே மொகத்தத் திருப்பிக்கிறாக. ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்ட மனுசன்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த டியூப்பு தானா வரல சிஸ்டர்."

விடியற்காலை மூன்று மணிக்கு வார்டு அடங்கியிருந்தது. மாஸ்டர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பது நாளில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. அதுவரை வேலை எல்லாம் நின்றுகொண்டேதான். தலையணைப் பக்கம் இருந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினேன். "வலி", "தண்ணி", "ஃபேன்", "சின்னவ வந்தாளா" என்று முதல் மூன்று நாட்களுக்குப் பக்கம் பக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆறு நாளாக அவர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. நோட்டு எங்கள் கண் முன்னால்தான் கிடந்தது.

"மாஸ்டர், டியூப்பை நீங்களா எடுத்தீங்களா?"

பேனாவை வாங்கினார். "நாந்தான்" என்று எழுதினார். கொஞ்சம் விட்டு, "போதும்" என்று எழுதினார்.

இதற்கு அடுத்த கேள்வியைக் கேட்கத்தான் பலர் தயங்குகிறோம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்ற பயம். அது அப்படி இல்லை. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது. "உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா மாஸ்டர்?" என்று கேட்டேன். "தூங்குனா முழிக்கக் கூடாதுன்னு தோணுது" என்று எழுதினார். தானாக ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, "சின்னவளுக்குக் கல்யாணம் இருக்கு" என்று எழுதினார்.

அன்று ராத்திரியே டூட்டி டாக்டரிடம் சொன்னேன். வலி மருந்துகள் வார்டு அலமாரிக்கு மாறின. சவர பிளேடை மனைவி எடுத்து வைத்துக்கொண்டார். படுக்கையை செவிலியர் மேசைக்குப் பக்கத்தில் போட்டோம். காலையில் டூட்டி மாறும்போது, தொந்தரவு இல்லை என்ற வரி இருந்த இடத்தில் அவர் எழுதிய வரியை அப்படியே படித்துச் சொன்னேன்.

மதிப்பீடு: விரல்களால் பதில்

மனச்சோர்வை அளக்க நாங்கள் எடுத்துக்கொண்டது பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும், 15-ஓ அதற்கு மேலோ என்றால் ஓரளவு கடுமையானது என்று கணக்கு. பேச முடியாதவரிடம் எப்படிக் கேட்பது? விரல்தான். "ஒரு நாளும் இல்லைன்னா கையை மூடிக்கோங்க, சில நாள்னா ஒரு விரல், பாதி நாளுக்கு மேலன்னா ரெண்டு, தினமும்னா மூணு" என்று சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வித்தாளில் "செயல்களில் ஆர்வமின்மை" என்கிற மாதிரி இருந்தால் எங்கள் நோயாளிகள் முழிப்பார்கள். மனச்சோர்வு என்ற சொல்லே அவர்கள் வாயில் வராது. "மனசு விட்டுப்போச்சு", "நெஞ்சு பாரமா கெடக்கு", "ஒண்ணும் பிடிக்கல", "என்னத்துக்கு இந்தப் பொழப்பு" என்பார்கள். சிலர் அதுவும் சொல்லாமல், உடம்பு எரிகிறது, தலை கனக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். அதனால் ஆர்வத்தைப் பற்றிய கேள்வியை, "முன்னாடி பிடிச்ச விஷயம் எதுவும் இப்ப மனசுல ஒட்ட மாட்டேங்குதா?" என்று கேட்டேன். குற்ற உணர்வைப் பற்றியதை, "வீட்டுக்குப் பாரமாயிட்டோம், எல்லாம் நம்மளால வந்ததுன்னு தோணுதா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்குத்தான் அவர் கண் முதல் முறையாகக் கலங்கியது.

மொத்த மதிப்பெண் 18. பார்த்தால் தெளிவாக இருப்பது போலத் தெரியும், ஆனால் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தூக்கமின்மை 3, களைப்பு 3, பசியின்மை 3, உடல் மந்தம் 1 என்று பத்து மதிப்பெண் உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளிலிருந்து வந்தது. வாய் வெந்துபோய், சிஸ்பிளாட்டின் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தூக்கமும் பசியும் இருந்தால்தான் ஆச்சரியம். மீதி எட்டுதான் மனசிலிருந்து வந்தது: ஆர்வமின்மை 3, சோகம் 2, பாரமாகிவிட்டோம் என்ற எண்ணம் 2, சாவைப் பற்றிய எண்ணம் 1.

இதே சிக்கலுக்காகத்தான் எண்டிகாட் என்ற ஆய்வாளர் 1984-ல் ஒரு வழி சொன்னார். புற்றுநோயாளிகளிடம் பசி, தூக்கம், களைப்பு, கவனம் செலுத்த முடியாமை ஆகியவற்றுக்குப் பதிலாக வேறு நான்கைப் பார்க்கச் சொன்னார். முகத்தில் தெரியும் சோகம் அல்லது பயம், பேச்சு குறைந்து ஒதுங்கிப் போவது, தன்னையே நொந்துகொண்டு அதிலேயே உழல்வது, நல்ல செய்தி சொன்னாலும் முகம் மலராமல் இருப்பது. முந்தின வாரம் மூத்த மகள் உண்டாகியிருக்கும் செய்தியைச் சொன்னபோது மாஸ்டர் தலையை மட்டும் அசைத்தாராம். நான்கும் பொருந்தின.

இந்த நான்கையும் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து முறை அந்தப் படுக்கைக்குப் போகிறவர் யாரோ அவருக்குத்தான் இவை தெரியும். ரவுண்ட்ஸில் வருகிற டாக்டருக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது.

உடம்பில் திருத்தக்கூடியவை

மனசு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்தாக வேண்டும். உடல்நோயால் திடீரென வரும் மனக்குழப்ப நிலையில் (டெலிரியம்) அமைதியான வகை ஒன்று உண்டு. நோயாளி சத்தமில்லாமல் மந்தமாகக் கிடப்பார், பார்க்க மனச்சோர்வு போலவே இருக்கும். கிழமைகளைப் பின்னாலிருந்து எழுதச் சொன்னோம். சனி, வெள்ளி, வியாழன் என்று தப்பில்லாமல் எழுதினார். கால்சியம் சரியாக இருந்தது. தைராய்டும் சரி, ஆனால் கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து அது குறையக்கூடும். அப்போது வரும் மந்தமும் சோர்வும் மனச்சோர்வு போலவே இருக்கும் என்பதால் டிஸ்சார்ஜ் தாளில் அதைத் தனியாகக் குறித்தோம்.

கிடைத்தவை மூன்று. முதலாவது, ரத்தத்தில் உப்பு (சோடியம்) 129-க்குக் குறைந்திருந்தது. சிஸ்பிளாட்டினால் உப்பு இறங்குவது உண்டு. இரண்டாவது, ஐந்து நாளாக மலம் போகவில்லை. மார்ஃபின் ஆரம்பித்தபோது கூடவே எழுதியிருக்க வேண்டிய மலமிளக்கி விட்டுப்போயிருந்தது. மூன்றாவது, வலி. "வலிச்சா சொல்லுங்க, மருந்து தர்றோம்" என்று பேச முடியாத ஒருவரிடம் நாங்கள் சொல்லி வைத்திருந்தோம். அவர் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது ஏழு விரலைக் காட்டினார்.

அன்றிலிருந்து மார்ஃபின் கடிகாரப்படி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் டியூப் வழியாகக் கொடுக்கப்பட்டது. வாய் சுத்தம் செய்வதற்கும் கரண்ட் வைக்கப் போவதற்கும் முன்னால் மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும்படி நேரத்தைப் பொருத்திக்கொண்டோம். மலமிளக்கி தினமும். மூன்றாம் நாள் வலி மூன்றுக்கு வந்தது.

மனநல மருத்துவர்

மனநல மருத்துவர் என்ற பெயரைக் கேட்டதும் மனைவி பதறினார். "இவுகளுக்கு என்ன பைத்தியமா சிஸ்டர்?" ஊரிலிருந்து வந்திருந்த மச்சினர் சண்டைக்கே வந்துவிட்டார். வார்டில் தினமும் நடப்பதுதான் இது. சில இடங்களில் "நரம்பு டாக்டர்" என்று மாற்றிச் சொல்லிச் சமாளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னால் மாத்திரைச் சீட்டைப் படித்துத் தெரிந்துகொள்ளும்போது நம்மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும். "உப்பு கொறஞ்சா உப்பு ஏத்துறோம்ல, அது மாதிரி இந்த வியாதியோட சேர்ந்து மனசும் அடி வாங்கியிருக்கு. அதுக்கும் மருந்து இருக்கு. அதுக்குன்னு படிச்ச டாக்டர் வந்து பாப்பாங்க" என்றேன். மாஸ்டரே கையைக் காட்டி மச்சினரை நிறுத்தினார். நோட்டில் "வரட்டும்" என்று எழுதினார்.

மருந்தைத் தேர்ந்தெடுத்த விதம் எங்களுக்கு ஒரு பாடம். மனச்சோர்வுக்கு வழக்கமாகக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் வகை மருந்துகள் சோடியத்தை இன்னும் குறைக்கலாம். அவர் வாந்திக்கு எடுத்துக்கொண்டிருந்த ஒண்டன்செட்ரானோடு சேரும்போது ஈ.சி.ஜி-யில் தெரியும் க்யூடி இடைவெளியையும் நீட்டி, இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கலாம். அதனால் மிர்டாசபின் என்ற வேறு வகை மனச்சோர்வு மருந்தை 7.5 மில்லிகிராம் இரவில் ஆரம்பித்து, ஒரு வாரத்தில் 15 ஆக்கினார்கள். தூக்கத்தையும் பசியையும் அது தூண்டும், குமட்டலும் கொஞ்சம் குறையும். மாத்திரையைப் பொடித்து டியூப் வழியாகக் கொடுத்தோம். முதல் மூன்று நாள் காலையில் மயங்கியே கிடந்தார், மனைவி பயந்துவிட்டார். இப்படி இருக்கும், சில நாளில் தெளிந்துவிடும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனசில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம் என்பதையும் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து விளக்கினேன்.

(மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் சாப்பிடுகிறவர்களை வார்டில் நிறையப் பார்க்கிறோம் என்பதால் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பராக்செடின், ஃப்ளூவாக்செடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் டமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கின்றன. மருந்துச் சீட்டில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.)

செவிலியர் கவனிப்பு

பராமரிப்புத் திட்டத்தில் எழுதியது பல வரி. உண்மையில் வேலை செய்தவை என்று எனக்குத் தோன்றுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வாய் கழுவும் நேரம். சோடா உப்பும் சாதா உப்பும் கலந்த தண்ணீரில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வாய் கழுவ வேண்டும். எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. அதில் காலை, மாலை இரண்டு முறை ஒரே செவிலியர் போவது, ஸ்டூலில் உட்காருவது, பத்து நிமிடம் இருப்பது என்று வைத்துக்கொண்டோம். ஆலோசனைக்கென்று தனியாக நேரம் ஒதுக்க எங்கள் வார்டில் வழியில்லை. ஏற்கெனவே செலவாகிற நேரத்தின் தன்மையை மாற்ற முடிந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவராகவே நோட்டை எடுத்து எழுதினார்: "எதிர்ச் சுவர் படம்."

திரும்பிப் பார்த்தேன். அவருடைய பழைய படுக்கைக்கு நேர் எதிரே புகையிலை விழிப்புணர்வுப் போஸ்டர் இருந்தது. அழுகிய கன்னத்தின் பெரிய படம், கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. பகலெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததற்கு அதுதான் காரணம். "என் வாயால நானே தேடிக்கிட்டது" என்று எழுதினார். போஸ்டரை அன்றே கழற்றிவிட்டேன். அது இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடமும் பேருந்து நிலையமும். நோய் வந்து படுத்திருப்பவர் கண்ணுக்கு எதிரே அதை மாட்டுவது தண்டனை.

இரண்டாவது, டியூப் உணவு. அதுவரை மனைவியோ நாங்களோ ஊற்றுவோம், அவர் கண்ணை மூடிக்கொள்வார். சமையல்காரர் ஒருவருக்கு மற்றவர்கள் கஞ்சி ஊற்றுவது எப்படி இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. நாங்கள் உணவியலாளரிடம் பேசி, அவரே தயார் செய்து அவரே கொடுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி. நிமிர்ந்து உட்கார்ந்து, டியூப் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்க விட வேண்டும், அழுத்தக் கூடாது. முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயை அலச வேண்டும், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. முதல் நாள் மனைவி கொண்டுவந்த கஞ்சியை ஒரு கரண்டி தூக்கி ஊற்றிப் பார்த்தவர், முகத்தைச் சுளித்து, துணியில் வடிகட்டச் சொல்லிச் சைகை காட்டினார். கட்டி இருந்தால் டியூப் அடைக்கும் என்று நான் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்திருந்தது. சத்துமாவு, பால், முட்டை, எண்ணெய் எல்லாம் எந்த அளவு, எந்த நேரம் என்று நோட்டில் கோடு போட்டு அட்டவணை எழுதினார். அதன்பிறகு டியூப் ஒருமுறைகூட வெளியே வரவில்லை.

மூன்றாவது, பணம். பாரமாகிவிட்டோம் என்ற எண்ணத்தின் அடியில் ஒரு குறிப்பான விஷயம் இருந்தது. தை மாத முகூர்த்தம் மூன்றுக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார், பணம் ஆஸ்பத்திரிச் செலவில் போய்விட்டது. "சொன்ன சொல்லு" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். இதற்கு மாத்திரை கிடையாது. மருத்துவ சமூகப் பணியாளரைக் கூப்பிட்டோம். சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்தான் நடக்கிறது, வெளியே வாங்கிய சில மருந்துகளுக்கும் வழி இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நகை இன்னும் அடகு போக வேண்டியதில்லை என்று மனைவிக்கு அன்றுதான் தெரிந்தது. அட்வான்ஸைப் பற்றி மாஸ்டரிடம் கேட்டபோது, தன்னிடம் 12 வருடம் கையாளாக இருந்த பையனைக் கூப்பிடச் சொன்னார். அவன் வந்தான். மாஸ்டர் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று கல்யாணத்துக்கும் சாமான் லிஸ்ட் எழுதிக் கொடுத்தார். பருப்பு எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை டின், எந்தப் பாத்திரக்கடை, பந்திக்கு எத்தனை ஆள் என்று பதினோரு பக்கம் போனது. இடையில் களைத்துப் படுப்பார், எழுந்து மறுபடி எழுதுவார்.

மனநலப் படிப்பில் செயல்பாட்டைத் தூண்டுதல் என்று ஒரு முறை சொல்லித்தருவார்கள். மனசு சரியானபிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்ன வேலையிலிருந்து தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்பது அதன் அடிப்படை. புத்தகத்தில் நடைப்பயிற்சி, பாட்டுக் கேட்பது என்று உதாரணம் இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது சாமான் லிஸ்ட்.

நான்காவது, மறைத்து வைத்தல். "கேன்சர்னு அவுகளுக்குத் தெரியாது, சொல்லிராதீங்க" என்று மனைவி முதல் நாளே கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். கேன்சர் ஆஸ்பத்திரியில், கரண்ட் வைத்துக்கொண்டு, அந்தப் போஸ்டருக்கு எதிரே படுத்திருந்தவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அவரிடம் தனியாக, "உங்க வியாதியப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" என்று கேட்டேன். "எல்லாம் தெரியும். அவ பயப்படுவான்னு சொல்லல" என்று எழுதினார். ஒருவருக்காக ஒருவர் மூன்று மாதம் நடித்திருக்கிறார்கள். இருவரையும் டாக்டரோடு உட்கார வைத்தோம். மனைவி அன்று நன்றாக அழுதார். யாரும் தடுக்கவில்லை. மறுநாளிலிருந்து படியில் போய்ச் சாப்பிடவில்லை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். இது நாங்கள் திட்டமிட்டது அல்ல.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் நாங்கள் அவசரப்பட்டோம். குளியலறைக் கண்ணாடியை மனைவி துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். தன் முகத்தைப் பார்த்துப் பழகட்டும் என்று ஒரு சிஸ்டர் கைக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டார். தைத்து வைத்த மார்புத் தோலில் முடி முளைத்து வாய்க்குள் தெரிந்தது. இரண்டு நாள் மறுபடி நோட்டைத் தொடவில்லை. அவர் கேட்கும் வரை காத்திருந்திருக்க வேண்டும்.

போக்கு

ஒன்பதாம் நாளுக்குப் பிறகு ஒரு சிட்டிங்கும் தவறவில்லை. தலை, கழுத்துப் புற்றுநோயில் கதிர்வீச்சு இடைவெளி விழுந்து நாள் நீள நீள நோய்க் கட்டுப்பாடு குறையும் என்பதால் இதை மனசு சம்பந்தப்பட்ட வெற்றியாக மட்டும் நான் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, 33-ஆவது சிட்டிங் முடிந்த அன்று பி.எச்.க்யூ-9 மறுபடி எடுத்தபோது 14. நான்குதான் குறைந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தால், உடம்புக் கேள்விகள் அதே 10, மனசுக் கேள்விகள் எட்டிலிருந்து நான்கு. அப்போது வாய்ப்புண் உச்சத்தில் இருந்தது. சாவைப் பற்றிய கேள்விக்குக் கையை மூடிக் காட்டினார். ஆறாவது வாரத்தில் 9, பன்னிரண்டாவது வாரத்தில் 6. இந்தப் பிந்தைய இறக்கத்தில் வாய் ஆறியதற்கும் பங்கு உண்டு. முதல் இறக்கத்தை அப்படிச் சொல்ல முடியாது. மார்ஃபினா, மிர்டாசபினா, கஞ்சியா, சாமான் லிஸ்ட்டா என்று பிரித்துச் சொல்ல ஒரே ஒரு நோயாளியை வைத்து எனக்கு வழியில்லை.

இது ஒருவர் கதை மட்டுமா?

இல்லை. 2011-ல் வெளிவந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மிட்செல் குழுவின் கணக்குப்படி, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது. அப்படியானால் என் 30 படுக்கை வார்டில் எந்த நாளிலும் ஐந்து பேர். "கேன்சர் வந்தா யாருக்குத்தான் மனசு உடையாது" என்று நாம் சொல்வது இரக்கம் போலத் தெரியும். அந்த வாக்கியம்தான் அந்த ஐந்து பேரையும் மறைக்கிறது. கண்டிப்பாக வருத்தம் இருக்கும். வருத்தத்தில் இருப்பவர் மகள் உண்டான செய்தி கேட்டால் ஒரு நிமிடமாவது முகம் மலர்வார்.

ஸ்காட்லாந்தில் 21,000-க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளைப் பார்த்தபோது, கடும் மனச்சோர்வு இருந்தவர்களில் 73 சதவீதம் பேர் அதற்குப் பலன் தரக்கூடிய சிகிச்சை பெறவில்லை என்று 2014-ல் வெளியானது. அதே ஆண்டு, அதே நாட்டில், 500 பேரை வைத்து நடந்த ஆய்வு எனக்கு மிக முக்கியமானது. அதில் மனச்சோர்வுச் சிகிச்சையை முன்னின்று நடத்தியவர்கள் புற்றுநோய்ச் செவிலியர்கள். அதற்கென்று பயிற்சி பெற்று, மனநல மருத்துவரின் மேற்பார்வையில் செய்தார்கள். 24 வாரத்தில் செவிலியர் பார்த்த குழுவில் 62 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 17 சதவீதம்தான். அவர்களுக்குக் கிடைத்த பயிற்சியும் ஆள் பலமும் நமக்கு இல்லை. ஆனால் அட்மிஷன் தாளில் ரத்த அழுத்தத்துக்குக் கீழே பி.எச்.க்யூ-வின் முதல் இரண்டு கேள்விகளைச் சேர்ப்பதற்குக் காசு செலவில்லை. ஆர்வம் போய்விட்டதா, மனசு பாரமாக இருக்கிறதா. இரண்டும் சேர்ந்து 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுதாகக் கேட்க வேண்டும். எங்கள் வார்டில் இப்போது வாரம் ஒருமுறை, எடை பார்க்கும் நாளில் கேட்கிறோம். முதல் மாதம் எல்லோரும் மறந்தோம், எடை நோட்டிலேயே ஒரு கட்டம் வரைந்தபிறகு மறக்கவில்லை.

டியூப், பிரஷர், வலி ஆகியவற்றோடு "என்ன எழுதினார், யாரோடு பேசினார்" என்பதையும் ஹேண்ட்ஓவரில் சொல்கிறோம். பேச முடியாதவர்களின் நோட்டை ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை, அவர் அனுமதியோடு, புரட்டிப் பார்க்கிறோம்.

தொடர் கவனிப்பு

டிஸ்சார்ஜ் ஆகும்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவித் தொலைபேசி) நோட்டின் அட்டையில் எழுதிக் கொடுத்தோம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வழியாகச் செவிலியர் வீட்டுக்கு வந்து டியூப்பையும் வலியையும் பார்த்தார். டியூப் எடுத்தாகிவிட்டது. வாய் திறக்கும் பயிற்சிக்கு ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லிடுக்கில் வைக்கச் சொல்வோம். முதலில் ஒன்பது குச்சி போனது, கடைசியாக வந்தபோது பதினான்கு. மிர்டாசபின் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். தைராய்டு பரிசோதனை ஆறு மாதத்தில்.

தை முகூர்த்தம் மூன்றையும் அந்தப் பையன் நடத்திக் கொடுத்தான். மூன்றாவதற்கு மாஸ்டர் போயிருக்கிறார். அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ராத்திரி முழுக்க இருந்தாராம். பந்திக்கு மட்டும் போகவில்லை. நாலு பேர் முன்னால் சாப்பிட இன்னும் மனசு வரவில்லை, வாயோரம் ஒழுகுகிறது. அடுத்த முறை வரும்போது அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சார்ட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.